சீரகம் மடித்த தாள்

அந்தக் கோடையில் யார் எதைப் படிப்பது என்று முடிவு செய்வது என் வேலையாக இருந்தது. பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. நடுப்பிள்ளைக்கு எட்டு. சின்னவனுக்கு நாலு, அவனுக்கு இழுப்பு வேறு. செஞ்சியில் சித்திரை பிறந்துவிட்டால் காலையிலேயே மலைப் பாறைகள் காய்ந்துவிடும். இருட்டிய பிறகும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற காற்று அடுப்படியிலிருந்து வருவது போல இருக்கும். பிள்ளைகளை வெளியே விட முடியாது. மூன்று பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கக் கதையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்ததில்லை. ஆனால் அந்த வருஷம் நான் கதை தேடியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நடுப்பிள்ளையிடம், நீ இனிமேல் திருவண்ணாமலைப் பெரியப்பா வீட்டுப் பிள்ளை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

என் கணவரின் அண்ணனுக்குக் குழந்தை இல்லை. திருவண்ணாமலையில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட, தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு இந்த மளிகைக் கடையை வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். பங்குனியில் ஒரு நாள் வந்தார். சாப்பிட்டார். கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உனக்குத்தான் ரெண்டு பையன் இருக்கானுங்களே. பெரியவனை எனக்குக் குடுத்துடுடா."

"உன் பிள்ளைதாண்ணா அவன்," என்றார் என் கணவர். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. ரசச் சட்டியோடு உள்ளே நின்றிருந்த என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் வரும், மறுநாள் வேறு பதில் வரும்.

அண்ணன் போன பிறகு அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அண்ணன் இதுவரைக்கும் வாய் திறந்து எதையும் கேட்டதில்ல. மொத தடவை கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?"

"சின்னவனைக் கேட்டிருக்கலாமே. அவனுக்கு விவரம் தெரியாது. சீக்கிரம் மறந்துடுவான்." சொன்ன உடனேயே என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எந்தப் பிள்ளையைத் தரலாம் என்று நானும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன் என்று தெரிந்தது.

"சின்னவனுக்கு இழுப்பு. அண்ணி தாங்குமா?"

"இவன்கிட்ட யாருங்க சொல்றது?"

"நீதான் படிச்சவளாச்சே. பக்குவமா நீயே சொல்லிடு."

பள்ளி இறுதி வரை படித்தவள் என்று இந்த வீட்டில் எனக்கு ஒரு பேர் உண்டு. தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இதுவும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

கிளை நூலகத்தில் ஓர் அட்டைக்கு ஒரு புத்தகம்தான் தருவார்கள். எங்கள் வீட்டில் இருந்ததே ஓர் அட்டை. வழக்கமாக அதில் எனக்கு ஒரு நாவல் எடுப்பேன். அந்தக் கோடையில் குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு டாக்டர் எழுதிய புத்தகத்தை எடுத்து வந்தேன். பால் மறக்கடிப்பது எப்படி, பல் முளைக்கும்போது என்ன செய்வது, பொய் சொல்லும் பிள்ளையைத் திருத்துவது எப்படி, எல்லாம் இருந்தது. எனக்கு வேண்டிய அத்தியாயம் இல்லை. இருந்தும் திருப்பிக் கொடுக்காமல் கெடு தாண்டியும் வைத்திருந்தேன். விட்ட இடத்தில் எங்கேயாவது ஒரு வரி இருக்கும் என்று ஒரு நப்பாசை.

பிள்ளைகளுக்கான புத்தகம் கடையிலிருந்து வந்தது. பொட்டலம் மடிக்கிற பழைய தாள் கட்டுக்கட்டாகத் திண்டிவனத்திலிருந்து வரும். அகலமான செய்தித்தாள் பருப்புக்கும் வெல்லத்துக்கும். வாரப் பத்திரிகைத் தாள் கடுகு, சீரகம், மிளகு மாதிரிச் சின்னப் பொட்டலங்களுக்கு. கட்டு கடைக்குப் போவதற்கு முன் ஒரு ராத்திரி வீட்டில் தங்கும். அதற்குள் எங்களுக்கு வேண்டியதை உருவிக்கொள்ளலாம் என்று அவர் எனக்குச் சலுகை கொடுத்திருந்தார்.

அந்தக் கட்டைப் பிரிப்பது திருவிழா மாதிரி இருக்கும். பெரியவளுக்குத் துப்பறியும் கதை வேண்டும். காதல் கதை வந்தால், "சீ, இது ஒண்ணும் எனக்கு வேணாம்," என்று சொல்லிக்கொண்டே பாவாடைக்கு அடியில் தள்ளிவிடுவாள். நான் அதை எடுத்துப் படித்துப் பார்த்து, இவளுக்கு இது ஆகுமா ஆகாதா என்று குழம்பி, பாதியைக் கொடுத்து, மறுநாள் அதையும் திரும்ப வாங்கிக்கொள்வேன். சின்னவனுக்குப் படம் இருந்தால் போதும். யானைப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சத்தமாகக் கதை படிப்பான். நடுப்பிள்ளைக்கு எதுவும் ஆகும். தைல விளம்பரத்தைக்கூட முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, "அம்மா, மூட்டு வலி இருக்குதா உனக்கு?" என்று கேட்பான்.

தொடர்கதை கிடைத்தால் வாரம் வாரமாகத் தாளைக் கிழித்து, வரிசைப்படுத்தி, மூட்டை தைக்கிற ஊசியால் தைத்து, மைதாப் பசை தடவி அட்டை ஒட்டுவோம். எங்கள் தெருவில் பத்திரிகை வாங்குகிறவர்கள் எல்லோரும் அப்படிச் செய்கிறவர்கள்தான். எங்களுக்குப் பழைய தாள் என்பதால் நடுவில் எப்போதும் ஒன்றிரண்டு வாரம் விட்டுப்போயிருக்கும். அந்தக் கோடையில்தான் முதல் தடவையாக ஒரு கதை முழுசாக வந்தது. கடலோரத்தில் கலங்கரை விளக்கம் காக்கிற ஒருவர், அவருடைய தாயில்லாப் பையன், அங்கே வந்து ஒதுங்குகிற ஒரு கப்பல் கேப்டன். பெரியவளுக்கு அதில் கடத்தல்காரர்கள் இருந்தார்கள். நடுப்பிள்ளைக்குக் கப்பல் இருந்தது. சின்னவனுக்கு ஒரு நாய் இருந்தது. மூன்று பேருக்கும் பொருந்துகிற ஒரு கதை கிடைத்ததே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். தினமும் மத்தியானம் ஒரு வாரத்துக் கதை என்று வாசித்துக்கொண்டு வந்தேன்.

வரிசைப்படுத்தித் தைக்காமல் பெஞ்சியின் மேல் வைத்திருந்ததை, கடைக்குரிய கட்டு என்று நினைத்து அவர் காலையில் எடுத்துப் போய்விட்டார். பெரியவள் கடைக்கு ஓடினாள். பின்னாலேயே சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன்.

"நைனா! அது மடிக்கிற தாள் இல்ல, எங்க கதை!"

"கதையா? அடடா. ஒண்ணு ரெண்டு போயிடுச்சேம்மா."

"எது போச்சு?"

"இன்னா கேள்வி இது? சீரகம் போச்சு. வல்லத்துக்காரம்மா வாங்கிட்டுப் போச்சு. பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கும், ஓடு."

ஓடினாள். பஸ் போய்விட்டது. மீதியை வாங்கி வந்து தரையில் பரப்பிப் பார்த்தோம். ஒரு வாரம்தான் இல்லை. நடுப்பிள்ளை அக்காவைச் சமாதானப்படுத்தினான். "சீரகம் தீந்துட்டா அந்தம்மா திரும்ப வருவாங்க இல்ல? அப்ப கேட்டுக்கலாம்."

"ஒரு பொட்டலம் சீரகம் எப்பத் தீர்றது? தெனம் ரசமா வப்பாங்க?"

காணாமல் போனது எந்த வாரம் என்று பார்த்தேன். முந்தின வாரத்தின் கடைசியில், பிள்ளையில்லாத அந்தக் கேப்டன் கலங்கரை விளக்கத்துக்காரரிடம், "உங்கள் பையனை என்னோடு அனுப்புங்கள், என் மகனாக வளர்க்கிறேன்," என்று கேட்கிறார். அப்பா பையனைத் திரும்பிப் பார்க்கிறார். தொடரும் என்று போட்டிருந்தது.

இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன். சொல்ல வேண்டியதைக் கதைக்குள் வைத்துச் சொல்லிவிட்டால், பிறகு நிஜத்தைச் சொல்லும்போது அவனுக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயம் மாதிரி இருக்கும். இந்தக் கதை பத்திரிகையில் வந்தபோதே நான் படித்திருக்கிறேன், ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்த வாரத்தை நானே இட்டுக்கட்டிச் சொன்னேன். பையன் போகிறேன் என்கிறான். அப்பா கரையில் நின்று கையசைக்கிறார். அழவில்லை. பையனும் அழவில்லை.

"அவன் இன்னா லூசா?" என்றான் நடுப்பிள்ளை. "அவங்கப்பாவை வுட்டுட்டு யாராவது போவாங்களா?"

"கப்பல்ல ஒரு ரூம் நெறைய புஸ்தகம் இருந்துச்சு," என்றேன். "எல்லாம் முழுப் புஸ்தகம். ஒரு பக்கம்கூட விட்டுப்போகாதது."

யோசித்தான். "ஓ. அப்பச் சரி."

எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் அடுத்த வாரத்தை எடுத்து வாசித்தால், முதல் பத்தியிலேயே அந்தப் பையன் ஏணியில் ஏறி விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

"கப்பல்ல போனவன் எப்படிம்மா இங்க இருக்கான்?" என்றாள் பெரியவள்.

"லீவுக்கு வந்திருக்கான்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அதோடு விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கதையில் பாதி சொல்லியாகிவிட்டது, மீதியை இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு மத்தியானமும் தள்ளிப் போட்டேன். சாதம் பிசையும்போது சொல்லலாம் என்று பார்ப்பேன். சாப்பிடுகிற பிள்ளையிடம் சொல்லலாமா என்று தோன்றும். தூங்கப் போகும்போது சொன்னால் கெட்ட கனவு வரும். குளிப்பாட்டும்போது சொல்ல வாயெடுத்தேன். கண்ணில் சோப்பு என்று கத்தினான்.

அதற்குள் வல்லத்துக்காரம்மா வந்துவிட்டார். கதைத் தாளுக்காக ஒரு பெண் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சீரகத்தை டப்பாவில் கொட்டிவிட்டு, தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். பெரியவள் கடையில் நின்றபடியே அதைப் படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் முன்னால் தாளைப் போட்டாள். சீரக வாசனை அடித்தது.

"அவங்கப்பா குடுக்கவே இல்ல," என்றாள். "அந்தப் பையனை ஒண்ணும் கேக்கக்கூட இல்ல. 'முடியாது, நீங்க போகலாம்'னு சொல்லிட்டாரு. நீ ஏம்மா குடுத்துட்டாருன்னு சொன்ன?"

முறத்தைக் கீழே வைத்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. அவள் குரல் மாறியது.

"பெரிப்பா வந்ததே அதுக்குத்தானா?"

"மெதுவாப் பேசு."

"தம்பியவா?"

சிதறியிருந்த அரிசியை முறத்தில் பொறுக்கிப் போட்டேன்.

"என்னை அனுப்பேன். நான்தானே பெரியவ. எனக்குச் சமைக்கக்கூட வருதே. பெரிம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கும்."

"பொண்ணை யாரும் கேக்க மாட்டாங்கடி."

"இன்னாத்துக்கு?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். இரண்டு குடும்பத்துக்கும், கடைக்கும், கொள்ளிக்கும் யார் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் அழுதுகொண்டே கொல்லைப்பக்கம் போனாள். அவள் நின்ற இடத்துக்குப் பின்னால், நெல் மூட்டையின் மேல், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நடுப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரமாக இருந்தான் என்று தெரியாது.

"எப்பம்மா?" என்று கேட்டான்.

"ஸ்கூல் தெறக்கறப்ப."

மூட்டையின் கோணியை நகத்தால் நோண்டினான். "பெரிப்பா வீட்டுல புஸ்தகம் இருக்குதா?"

"இருக்கும்."

"முழுப் புஸ்தகமா?"

"ம்."

"அப்ப எல்லாத்தையும் படிச்சிட்டு வந்துடறேன்," என்றான்.

இல்லைடா, அது அப்படி இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பக்குவமாகச் சொல்லத்தானே என்னிடம் விட்டார்கள். "கீழ எறங்கு, அரிசி மூட்டை மேல ஒக்காரக் கூடாது," என்றேன். அது நெல் மூட்டை. அவன் திருத்தவில்லை. இறங்கிக்கொண்டான்.

திருவண்ணாமலையிலிருந்து அக்கா வந்தார். என் ஓரகத்தியை, கணவரின் அண்ணன் மனைவியை, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை; கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று முன்னாலேயே ஆள் விட்டுக் கேட்டிருந்தார். கதை என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஒரு துணிப்பை நிறையப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் கவிழ்த்தார்.

"குண்டா இருக்கறது நல்ல புஸ்தகம்னு நெனச்சு எடுத்தேன். சரியாம்மா?"

கல்லூரி ரசாயனப் புத்தகம் ஒன்று இருந்தது. ஜோசியம் ஒன்று. மாட்டு வைத்தியம் ஒன்று. அடியில் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் மூன்று நான்கு, புத்தம் புதுசு, பசை வாசனையோடு. நடுப்பிள்ளை அதில் ஒன்றை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தான். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததை அக்கா பார்த்தார். அக்கா பார்ப்பதை நான் பார்த்தேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே, இவன் எதையாவது கேட்டா நான் இன்னா பண்றது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உட்கார்ந்து தரம் பிரித்துக் கொடுத்தேன். இது இப்போதைக்கு, இது பத்து வயதுக்கு மேல், இது மாடு வாங்கினால். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த வயதுக்கு இது என்று எதிர்காலத்தைப் பிரித்து அடுக்கி அவர் பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது பாதி வேலையில்தான் உறைத்தது.

தத்துக் கொடுக்கும் சடங்கில் ஐயர் கேட்டபோது நானும் என் கணவரும் சேர்ந்து, கொடுத்தோம் என்று சொன்னோம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குரல் எனக்கும் சேர்த்துக் கேட்டது. பெரியவள் அன்று தலைவலி என்று சாப்பிடவில்லை.

அவன் போன பிறகு தாள் கட்டு வந்த முதல் ராத்திரி, என் கணவர் பழக்கத்தில் கப்பல் படம் போட்ட பத்திரிகை ஒன்றை உருவி ஜன்னலில் வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு எடுத்துக் கட்டுக்குள் செருகிவிட்டார். நான் சாப்பாடு போட்டேன். மத்தியானங்களில் வாசிக்க உட்கார்ந்தாலும் சரிப்படவில்லை. பெரியவள், "நீ சொல்றது கதையில இருக்குதா, நீயாச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, தன் பாட்டுக்கு ஒரு மூலையில் படிக்கப் போய்விடுவாள். சின்னவனுக்கு இன்னும் படம்தான். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வயதுக்கு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆயுத பூஜை லீவுக்கு அவனை அழைத்து வந்தார்கள். கொஞ்சம் சதை போட்டிருந்தான். தலை நன்றாக எண்ணெய் வைத்துச் சீவியிருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும், "அம்..." என்று ஆரம்பித்து நிறுத்தி, "சின்னம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் மனைவியின் பிள்ளைக்கு நான் சின்னம்மாதான்.

மத்தியானம் பாயை விரித்து, "படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சின்னம்மா. இப்ப நானே படிச்சுக் காட்டறேன். தெனம் ராத்திரி அம்மாவுக்கு நான்தான் படிக்கறேன். அவங்களுக்குப் படிக்க வராது இல்ல? ஒரு கதை முடியறதுக்குள்ள தூங்கிடுவாங்க. மறுநாள் 'எதுவரைக்கும்டா கேட்டேன்'னு என்னையே கேப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். தன் வீட்டைப் பற்றிச் சொல்கிறவன் சிரிக்கிற மாதிரி. நான் சின்னவனுக்கு விசிறினேன்.

கிளம்புகிற அன்று காலை அவனே வந்து கேட்டான். "வாங்கின புஸ்தகமெல்லாம் முடிஞ்சிடுச்சு. அம்மாவுக்குப் பிடிக்கற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்."

நான் எழுந்திருப்பதற்குள் பெரியவள் நாங்கள் தைத்து வைத்ததிலிருந்து ஒன்றை இழுத்து அவன் கையில் திணித்தாள். "இந்தா. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியோட கதை. உங்கம்மாவுக்குப் படி. நல்லா அழட்டும்."

அவன் பெரியவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தக் கதை எனக்குத் தெரியும். நானும் அதற்கு அழுதிருக்கிறேன். அக்காவும் அழுவார், அந்தக் கதைக்கு யாரும் அழுவார்கள். அழட்டுமே என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. ஆனால் அங்கே அந்த ராத்திரியில், விளக்கு வெளிச்சத்தில், அழுகிறவரைத் தேற்ற வேண்டியவன் இவன்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தன்னால்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொள்வான்.

அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இரண்டு ஓரகத்திகள் ஒரு பூசணிக்காய்க்காகச் சண்டை போட்டு ஊரையே சிரிக்க வைக்கிற கதை ஒன்று இருந்தது. தேடி எடுத்துக் கொடுத்தேன்.

"இதுல பூசணிக்காய் ஒடையற எடம் வரும்," என்றேன். "அங்க கொஞ்சம் சத்தமாப் படி. அம்மாவுக்குப் பிடிக்கும்."

அம்மா என்ற அந்த வார்த்தை என் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வந்துவிட்டது. அவன் தலையாட்டிக்கொண்டு புத்தகத்தைப் பைக்குள் வைத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் இருந்து என் கணவர் கூப்பிட்டார். அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன் சின்னம்மா," என்று சொல்லிவிட்டு ஓடினான்.